‘காப்புக்காடு அல்ல’ என்பது பதிலாகாது: புறம்போக்கு நிலங்களில் நடக்கும் முயல் வேட்டை குறித்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கும்,

எங்கள் ஊர்க் கண்மாயை ஒட்டிய மேய்க்கால் புறம்போக்கில் நடக்கும் முயல் வேட்டையைத் தடுக்கக் கோரி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நான் அளித்த மனுவுக்கு இரண்டு பதில்கள் வந்துள்ளன. “மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள புல எண்கள் காப்புக்காட்டு எல்லைக்குள் வரவில்லை; எனவே இவ்வலுவலகத்தில் மேல்நடவடிக்கை எடுக்க வழிவகை இல்லை” என்கிறது வனச்சரக அலுவலகம். “ஆக்கிரமிப்பு ஏதும் காணப்படவில்லை, வன உயிரினம் தொடர்பான கோரிக்கை என்பதால் வனத்துறையை அணுகவும்” என்கிறது வட்டாட்சியர் அலுவலகம். இரண்டு தாள்களையும் சேர்த்து வைத்துப் படித்தால், அரசு நிலத்தில் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள ஓர் உயிர் கொல்லப்படுவதைக் கேட்பதற்கு அரசில் ஆளே இல்லை என்றுதான் பொருள்படுகிறது. இரண்டு அலுவலகங்களும் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கின்றன. நான்கு கால் முயல்கள் சாக்குப்பையில் போய்க்கொண்டிருக்கின்றன. மனு முடித்துவைக்கப்பட்டதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தியும் வந்துவிட்ட நிலையில், உங்கள் இருவருக்கும் பொதுவாக, எல்லோரும் படிக்கும்படி இம்மடலை எழுதுகிறேன்.

நான் பேசுவது கண்மாய்க் கரைக்கு அப்பால், கல்லாங்குத்தும் புல்லும் சீமைக்கருவேலும் கலந்து கிடக்கும் நிலத்தைப் பற்றி. கிராமக் கணக்கில் அதன் ஒரு பகுதி மேய்க்கால் புறம்போக்கு, ஒரு பகுதி கண்மாய்ப் புறம்போக்கு, மீதி தீர்வை ஏற்படாத தரிசு. எங்கள் ஊரில் ஆடு வைத்திருக்கும் வீடுகள் எல்லாம் அந்த நிலத்தை நம்பியே இருக்கின்றன. அதே நிலத்தை நம்பியே காட்டு முயலும் இருக்கிறது. பெயரில் காடு இருப்பதால் அது காப்புக்காட்டுக்குள் மட்டும் வாழும் உயிர் என்று அலுவலகங்களில் நினைத்துக்கொள்கிறார்கள் போலும். அடர்ந்த காட்டைவிட, புல்லும் புதரும் கலந்த வெட்டவெளிதான் பிடரியில் கருந்திட்டு உள்ள இந்த முயலுக்கு ஏற்ற இடம். கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயலைப் போல இது வளை தோண்டாது. பகலெல்லாம் புல்மறைவில் தன் உடம்பளவுக்கு ஒரு பள்ளத்தை அமைத்து அதில் ஒடுங்கிக் கிடந்து, பொழுது சாய்ந்த பிறகே மேய்ச்சலுக்கு வரும். ஓர் ஈற்றில் பெரும்பாலும் ஒன்றிரண்டு குட்டிகளே போடும். ஆண்டு முழுவதும் ஈனும் என்பதால், எந்த மாதத்தில் கொன்றாலும் எங்கோ ஒரு புல்மறைவில் குட்டி தாயில்லாமல் போக இடமுண்டு. ஒளிந்துகொள்ள வளையில்லாத உயிருக்கு இருக்கும் ஒரே காப்பு, ஓடுவதற்குத் திறந்த நிலம். அந்த நிலத்தைத்தான் நீங்கள் இருவரும் உங்களுடையது இல்லை என்கிறீர்கள்.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். முயலுக்கு என்று தனித்தடம் உண்டு. வேலிமுள்ளில் ஒரே சந்து வழியாகத்தான் அது நாள்தோறும் நுழையும், அந்த இடத்தில் பட்டாணி அளவிலான உருண்டைப் புழுக்கைகள் சிதறிக் கிடக்கும். அந்தச் சந்தில் கண்ணி வைக்கிறார்கள். நான் அவிழ்த்து எடுத்து வைத்திருக்கும் கண்ணிகள் பலவும் மோட்டார் சைக்கிளின் பழைய கிளட்ச் கேபிளைப் பிரித்து, அதன் மெல்லிய இழைகளைத் திரித்துச் செய்தவை. ஒரு முனை கருவேல முளையில் இறுகக் கட்டியிருக்கும். மறுமுனையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு வளையம், தரையிலிருந்து ஒரு கைப்பிடி உயரத்தில், இரண்டு பக்கமும் சுள்ளி நட்டு நிற்க வைத்திருக்கும். வெயிலில் பளபளக்காமல் இருக்கக் கம்பியை நெருப்பில் வாட்டிக் கருக்கிவிடுகிறார்கள். பக்கத்தில் குனிந்து பார்த்தாலும் எளிதில் கண்ணில் படாது. தலை நுழைந்ததும் முயல் முன்னால் பாய்கிறது. பாயப் பாயச் சுருக்கு இறுகுகிறது. வைத்தவர் விடியற்காலையில்தான் வருவார் என்பதால் இரவெல்லாம் அது அப்படியே கிடக்கும். கண்ணியைச் சுற்றி வட்டமாகப் பிறாண்டப்பட்டிருக்கும் மண்ணைப் பார்த்தாலே எவ்வளவு நேரம் போராடியது என்று தெரிந்துவிடும்.

கண்ணிக்கு முயல் எது, மற்றது எது என்று தெரியாது. சென்ற ஆண்டு எங்கள் வெள்ளாட்டுக் குட்டி ஒன்று முன்னங்காலை மாட்டிக்கொண்டு, கம்பி தோலை அறுத்து எலும்பில் நின்றது. கால்நடை மருந்தகத்தில் தைத்துக்கொண்டு வந்தும் அது நேராக நடக்கவில்லை. கீரி செத்துக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கண்மாய்க் கரையில் ஒரு கால் பாதத்தோடு துண்டாகி நொண்டித் திரிந்த மயிலை ஊரே பார்த்தது. மயிலும் உடும்பும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை என்பதும், அவற்றைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டுச் சிறை என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முயலுக்குத்தானே வைத்தேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு விலக்கு உண்டா?

கண்ணி வைப்பவர்களாவது உள்ளூர்க்காரர்கள். வார இறுதி இரவுகளில் வெளியூர் வண்டிகள் வருகின்றன. நெற்றியில் கட்டிய மின்விளக்கை அடித்தால் முயல் கண்கூசி நின்ற இடத்திலேயே நின்றுவிடும்; பிறகு தடியாலோ நாட்டுத் துப்பாக்கியாலோ அடிப்பது பெரிய வித்தை இல்லை. நிலா இல்லாத இரவுகளில் கரைமேட்டில் நின்று பார்த்தால், விளக்குகள் வரிசையாக நிலத்தை அரித்துக்கொண்டு போவது தெரியும். இன்னொரு கூட்டம் சிப்பிப்பாறை, கன்னி நாய்களோடு பகலிலேயே வருகிறது. நாயை அவிழ்த்துவிட்டு, எந்த நாய் முதலில் கவ்வுகிறது என்று பந்தயம் கட்டி, அதைக் கைபேசியில் படம்பிடித்துச் சமூக ஊடகத்தில் ஏற்றுகிறார்கள். நாட்டு நாய் இனங்கள் அழியாமல் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. எங்கள் வீட்டிலும் நாட்டு நாய்தான் காவல் காக்கிறது. அதற்கு விலையாக முயலின் உயிரைக் கேட்பது என்ன நியாயம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

ஓர் இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு வனத்துறை எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் முதலில் கேட்ட கேள்வி, “காட்டுக்குள்ளேயா, பட்டாவிலேயா?” என்பது. புறம்போக்கு என்றதும், காவல் நிலையத்தில் சொல்லுங்கள் என்றார். காவல் நிலையத்தில், முயலுக்கெல்லாம் நாங்கள் வர முடியுமா என்று சிரித்தார்கள். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் மனு கொடுத்த மறுவாரமே, கொடுத்தது யார் என்பது வேட்டைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. டீக்கடையில் என்னை நிறுத்தி, என் மனுவில் இருந்த வரியையே ஒருவர் திருப்பிச் சொன்னார். அடுத்த சில நாட்களில் என் சொட்டுநீர்க் குழாய்கள் அறுக்கப்பட்டுக் கிடந்தன. அறுத்தது யார் என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. மனு யார் கையிலிருந்து யாரிடம் போனது என்பதை நீங்கள் நினைத்தால் விசாரித்து அறியலாம்.

இனி ‘காப்புக்காடு அல்ல’ என்ற பதிலுக்கு வருகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, பட்டியலில் உள்ள உயிரினங்களை வேட்டையாடக் கூடாது என்று தடை செய்கிறது. காப்புக்காட்டுக்குள் என்றோ, சரணாலயத்துக்குள் என்றோ அந்தத் தடைக்கு எல்லை வகுக்கப்படவில்லை. என் பட்டா நிலத்தில் நான் அடித்தாலும் குற்றம், புறம்போக்கில் அடித்தாலும் குற்றம், ஆட்சியர் அலுவலக வளாகத்தில் அடித்தாலும் அதே குற்றந்தான். வேட்டை எது என்பதை விளக்கும் 2(16)ஆம் பிரிவு, கொல்வதை மட்டுமல்லாமல் கண்ணி வைப்பது, பொறி வைப்பது, துரத்துவது, இரை வைத்து இழுப்பது, அதற்கு முயல்வது அனைத்தையும் வேட்டை என்றே சொல்கிறது. ஆகவே முயல் சிக்காத கண்ணியும், நாயை அவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய பந்தயமும்கூட வழக்குக்கு உரியவைதான்.

காட்டு முயல் முன்பு நான்காம் பட்டியலில் இருந்தது. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல்களில் அது இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதே திருத்தத்தில், இத்தகைய குற்றத்துக்கான அபராத வரம்பு 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. 3 ஆண்டு வரையிலான சிறைத் தண்டனை அப்படியே தொடர்கிறது. சட்டம் இறுகிய அளவுக்கு எங்கள் ஊரில் நடவடிக்கை இறுகவில்லை. 50ஆம் பிரிவின்படி சோதனையிடவும் கைப்பற்றவும் கைது செய்யவும் வன அலுவலருக்கு மட்டுமல்லாமல், உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலருக்கும் அதிகாரம் உண்டு. முயலுக்கெல்லாம் வர முடியுமா என்று கேட்டவர் இதைப் படித்தால் நல்லது. வேட்டையாடப்பட்ட உயிரினம் மாநில அரசின் சொத்து என்கிறது 39ஆம் பிரிவு. புறம்போக்கில் நின்ற ஒரு வேப்பமரத்தை வெட்டினால் மறுநாளே கிராம நிர்வாக அலுவலர் வந்து அளவெடுக்கிறார். அதே புறம்போக்கில் அரசின் இன்னொரு சொத்து சாக்கில் கட்டப்பட்டுப் போகும்போது மட்டும் ஏன் யாரும் வருவதில்லை?

அந்தச் சாக்கு எங்கே போகிறது என்பதும் ஊரறிந்த செய்தியே. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளில் விலைப்பட்டியலில் இருக்காது. தெரிந்தவர் கேட்டால் ‘காட்டுக்கறி இருக்கிறது’ என்பார்கள். 49ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாதவரிடமிருந்து வன உயிரின இறைச்சியை வாங்குவதும் குற்றம். ஆனால் வழக்கு என்று ஒன்று பதிவாகும்போது, சிக்குகிறவர் எப்போதும் தடியும் சைக்கிளுமாக வந்த கூலித் தொழிலாளிதான். ஊசி பாசி விற்கும் குடும்பத்தின் மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பது எளிது. கறுப்புக் கண்ணாடி ஏற்றிய வண்டியை நள்ளிரவில் நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும். ஏழை ஒருவரிடம், வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் முடிப்பதற்கான இணக்கக் கட்டணத்தை வசூலித்து, அவரையும் செத்த முயலையும் நிற்க வைத்துப் படம் எடுத்து நாளிதழுக்கு அனுப்புவதை நான் நடவடிக்கையாகக் கருதவில்லை. வாங்குகிறவரையும், வண்டி வைத்து வேட்டையாடுகிறவரையும் விட்டுவிட்டு வேட்டை நிற்காது.

திருவிழா வேட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊரில் யாரும் அதைப் பேச முன்வருவதில்லை. எங்கள் பக்கத்து ஊர்கள் சிலவற்றில் சிவராத்திரி முடிந்த கையோடும், சிலவற்றில் பங்குனி, சித்திரை மாதக் கோயில் கொடைகளை ஒட்டியும், ஆண்கள் வலையும் தடியுமாகத் திரண்டு முயல் அடித்து வந்து பங்கு வைப்பது வழக்கம். முன்னோர் செய்ததை எப்படி விடுவது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் எள்ளவில்லை. அந்தக் கூட்டங்களில் என் உறவினர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுவாமி குதிரை வாகனத்தில் புறப்பட்டு, அம்பு போட்டுத் திரும்புவதோடு பாரிவேட்டை என்னும் வேட்டைத் திருவிழா நிறைவடையும் கோயில்கள் நம்மிடையே நிறைய உண்டு. அங்கெல்லாம் தெய்வத்துக்கு எந்தக் குறையும் வந்ததாக யாரும் சொல்லவில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரே சேர்ந்து தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறது. பிள்ளைகளின் தீபாவளியையே விட்டுக்கொடுக்க ஓர் ஊரால் முடியும் என்றால், முறைப்படி உட்கார்ந்து பேசினால் வேட்டையை விட மற்ற ஊர்களாலும் முடியும். ஆனால் பேச வேண்டிய நீங்கள், திருவிழா அன்று விடியற்காலையில் ஜீப்பில் வந்து நாலு பேரைப் பிடித்துப் போவதோடு நிறுத்திக்கொள்கிறீர்கள். அதனால் ஊருக்கும் துறைக்கும் பகைதான் வளர்கிறது. அடுத்த ஆண்டு வேட்டை நாளைக் கமுக்கமாக மாற்றி வைத்துக்கொள்கிறார்கள். மேற்கு வங்கத்தில் இத்தகைய வேட்டைத் திருவிழாக்களைத் தடுக்கக் கல்கத்தா உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. நம் மாவட்டத்தில் அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

முயல் பயிரை அழிக்கிறதே என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நானும் நிலக்கடலையும் உளுந்தும் போடுகிறவன்தான். முளைவிட்ட பத்தியில் இரண்டு மூன்று இரவுகளில் வரிசையாக நுனி கடிபட்டிருப்பதைப் பார்க்கும்போது எரிச்சல் வராமல் இராது. ஆனால் பயிருக்குச் சேதம் என்றால் 11ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்து அனுமதி பெறச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அப்படி ஒரு வழி இருப்பதை எங்கள் ஊரில் எந்த அலுவலரும் வந்து சொன்னதில்லை. வழி தெரியாத விவசாயி மின்வேலிக்குப் போகிறார். பம்புசெட்டிலிருந்து இழுத்த மின்கம்பியில், இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போனவரும் ஆடு தேடிப் போனவரும் மாண்ட செய்திகளை இந்த மாநிலத்தின் நாளிதழ்களில் நீங்களும் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மேலும், வேட்டைக்கு வருகிறவர்கள் யாரும் என் கடலைக் காட்டைக் காப்பாற்ற வருவதில்லை. விதைத்த நிலத்தை மிதித்துக்கொண்டு போகிறவர்களும் அவர்களேதான்.

முயல் குறைந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்ட ஓர் அலுவலருக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் புறம்போக்கில் குள்ளநரியும் காட்டுப்பூனையும் கொம்பன் ஆந்தையும் இருந்தன. அவற்றுக்கு முயலும் ஓர் இரை. இப்போது மாலையில் நரி ஊளை கேட்பதே அரிதாகிவிட்டது. மறுபக்கம் எலி பெருகி, வரப்பெல்லாம் வளையாகிக் கிடக்கிறது. இதற்கு முயல் வேட்டை ஒன்றே காரணம் என்று நான் வாதிடவில்லை. இரையும் போய், இரையைத் தின்பதும் அதே கண்ணியில் சிக்கிப் போகும் நிலத்தில் வேறென்ன மிஞ்சும் என்று கேட்கிறேன்.

என் கோரிக்கைகள் இவை. முதலாவதாக, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் புறம்போக்கு, தரிசு, கண்மாய், பட்டா என எல்லா நிலத்துக்கும் பொருந்தும் என்பதையும், புறம்போக்கில் வேட்டை நடந்தால் எந்த வனவர் பொறுப்பு, எந்தக் காவல் நிலையம் பொறுப்பு, கிராம நிர்வாக அலுவலர் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்பதையும் தெளிவாகக் குறிப்பிட்டு, நீங்கள் இருவரும் காவல் கண்காணிப்பாளரும் சேர்ந்து கூட்டுச் சுற்றறிக்கை ஒன்றை வெளியிட வேண்டும். பொறுப்பு அலுவலரின் பதவியும் கைபேசி எண்ணும் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் எழுதப்பட வேண்டும். இரவில் அழைத்தால் எடுக்கும் எண்ணாக அது இருக்க வேண்டும். எனக்கு அனுப்பப்பட்ட இரண்டு பதில்களும் திரும்பப் பெறப்பட்டு, மனு மீண்டும் கோப்பில் எடுக்கப்பட வேண்டும்.

அடுத்து, கண்ணி அகற்றும் பணி. மேய்ச்சல்காரர்களுக்குக் கண்ணி வைக்கும் இடங்கள் அத்தனையும் தெரியும். அவர்களையும் ஊதியம் தந்து சேர்த்துக்கொண்டு, அறுவடை முடிந்து தரிசு திறந்து கிடக்கும் தை, மாசி மாதங்களில் எங்கள் வட்டத்தின் மேய்க்கால் புறம்போக்குகள் முழுவதையும் ஒருமுறையேனும் நடந்து பார்த்துக் கண்ணிகளை எடுக்க வேண்டும். வார இறுதி இரவுகளில் கண்மாய்ச் சாலைகளில் வனத்துறையும் காவல்துறையும் சேர்ந்து வண்டிச் சோதனை நடத்த வேண்டும். வன உயிரின இறைச்சி விற்கும் சாலையோரக் கடைகளையும், நாய்ப் பந்தயக் காணொளிகளை வெளியிடுவோரையும் முதலில் பிடியுங்கள். தடியோடு நிற்பவரை அதற்குப் பிறகு பார்க்கலாம். மின்திருட்டு வேலிகளை மின்வாரியத்தோடு சேர்ந்து ஆய்வு செய்யுங்கள். பயிர்ச்சேத விண்ணப்பத்தைத் தமிழில் ஒரு பக்கப் படிவமாக்கி, கிராம சபைக் கூட்டத்தில் விளக்குங்கள்.

வேட்டை வழக்கமுள்ள ஊர்களின் பெரியவர்களையும் பூசாரிகளையும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டும் முன்பே அழைத்துப் பேசுங்கள். ஜீப்பில் வராமல், ஊர் மந்தையில் வந்து உட்கார்ந்து பேசுங்கள். அடையாள வேட்டையோடு நிறுத்திக்கொள்ளும் ஊருக்கு அந்த ஆண்டு மாவட்ட நிர்வாகம் செய்யக்கூடிய சிறு மரியாதை ஏதேனும் இருந்தால் அதையும் செய்யுங்கள். புகார் கொடுப்பவரின் பெயர் வெளியே போகாதபடி, வேட்டை தொடர்பான மனுக்களைப் பொது மனுக் கணக்கில் ஏற்றாமல் தனியாகப் பெற ஏற்பாடு வேண்டும். என் மனு எப்படிக் கசிந்தது என்பதை விசாரித்து, முடிவை எனக்குத் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்.

இம்மடலின் கையொப்பமிட்ட படியும், நான் எடுத்து வைத்திருக்கும் கண்ணிகளின் படங்களும், அவை கிடைத்த புல எண்களும் பதிவஞ்சலில் உங்கள் இருவருக்கும் அனுப்பப்பட்டுள்ளன. 55ஆம் பிரிவின்படி, 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்த எந்தக் குடிமகனும் நேரடியாக நீதிமன்றத்தில் புகார் செய்யலாம். அந்த முன்னறிவிப்பு, உரிய படிவத்தில், அதே உறையில் இணைக்கப்பட்டுள்ளது. அந்த நாட்களுக்குள், எடுத்த நடவடிக்கையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயி ஒருவன்